சீனாக்காரர் செடிக்குக் கலந்த மண்

அக்கா,

இன்று காலையில் உன் செடித் தொட்டியைக் கவிழ்த்தேன். குப்பென்று வந்தது நாற்றம், அழுகின வெங்காய நாற்றம். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். இதே நாற்றத்தை முன்னால் ஒரு தரம் நாம் இரண்டு பேரும் சேர்ந்து முகர்ந்திருக்கிறோம். அன்றைக்கும் காரணம் நான்தான், இன்றைக்கும் நான்தான். என்னை என்ன செய்தால் தகும், நீயே சொல்லு.

உட்கார்ந்து அழக்கூட நேரமில்லை. வெள்ளிக்கிழமை உன் வீட்டுக்காரர் வருகிறார். ஆமாம், ரங்கூனிலிருந்துதான். உன் பேருக்கு வந்த கடிதத்தை நான் பிரித்தேன், திட்டாதே. அவர் அம்மா தவறிப்போய் ஒரு வருஷம் ஆகிறதாம், இப்போதுதான் கப்பலில் இடம் கிடைத்ததாம். மதராசில் இறங்கி, வெள்ளிக்கிழமை மத்தியான பஸ்ஸில் செஞ்சிக்கு வந்துவிடுவாராம். கடைசி வரியில் கேட்டிருக்கிறார்: “நம் செடி எப்படி இருக்கிறது? கடை வாசலில் இருந்த அளவுக்கு வந்துவிட்டதா?”

நீ கண்ணை மூடிப் பத்து மாதம் ஆகிறது என்பது அவருக்குத் தெரியாது. நான் எழுதிப் போட்ட இரண்டு கடிதமும் எந்தக் கடலில் விழுந்ததோ. அந்த மனுஷர் உன்னைப் பார்க்க வருகிறார் அக்கா. உன்னை நான் எங்கே போய்க் கொண்டுவருவேன்? செடியையாவது கையில் கொடுக்கலாம் என்றிருந்தேன், அதையும் அழுக வைத்துவிட்டேன். இன்றைக்குத் திங்கள். நடுவில் மூன்றே நாள்.

நீ இந்த வீட்டுக்கு வந்தபோது உன் கழுத்திலும் காதிலும் குண்டுமணி தங்கம் இல்லை. ரங்கூனில் கப்பல் ஏறும்போது அதிகாரிகள் எல்லாவற்றையும் கழற்றி வாங்கிக்கொண்டார்கள் என்றாய். தாத்தா பிறந்த ஊர் என்று அனந்தபுரத்தை நம்பி வந்தவளை, அங்கே இருந்த பங்காளிகள் இரண்டு நாள்கூட வைத்துக்கொள்ளவில்லை. என் பக்கத்து அறைக்கு ஒரு டிரங்குப் பெட்டியோடு குடி வந்தாய். பெட்டியில் பழைய கைலித் துணி சுற்றின ஒரு கிளை. சாண் நீளம், பருத்த தண்டு, காலணா அகலத்துக்குத் தடித்தடியான இலை. ஜேடு செடி என்று அங்கே துரைமார்கள் சொல்வார்களாம். ரங்கூனில் உங்கள் கடைக்குப் பக்கத்துக் கடைச் சீனாக்காரர் கொடுத்ததால் உனக்கு அது சீனாக்காரர் செடி. படுத்த படுக்கையாய்க் கிடந்த தாயை விட்டுவிட்டு வர முடியாமல் உன் வீட்டுக்காரர் அங்கேயே நின்றுவிட்டார். நீ கிளம்புகிற அன்று, கடை வாசலில் வளர்ந்து நின்ற செடியிலிருந்து அவர் கையாலேயே ஒடித்து, “நட்டு வை, நான் வந்து பார்க்கிறேன்” என்று கொடுத்தாராம்.

கிளை ஒரு மாதம் அலமாரியிலேயே கிடந்தது.

“ஏன்க்கா, இத்த நடாம வச்சிக்கினு இருக்கற?” என்று கேட்டேன்.

“மண்ணு சரியா அமையணும் பச்ச. இங்க மண்ணு இன்னா மாதிரின்னு எனக்குத் தெரியல.”

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. தளவானூர்க் குடியானவன் பெண் நான், என்னிடம் வந்து மண் தெரியவில்லை என்கிறாளே என்று. நீ மல்லாட்டைக் கடலை உடைக்கிற மில்லுக்கு வேலைக்குப் போயிருந்த நேரம், உன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்கள் ஊர் ஏரி வண்டலைக் கூடையில் கொண்டுவந்து ஒரு மண்சட்டி நிறைய அமுக்கினேன். மக்கின சாணி இரண்டு கை. கிளையை நட்டு, அரிசி களைந்த தண்ணீரையும் ஊற்றினேன். சாயங்காலம் வந்து சட்டி மண்ணை விரலால் அமுக்கிப் பார்த்தாய். பிறகு, “சரி, உன் கைராசியைப் பாப்பம்” என்றாய். தினமும் காலையில் அரிசி களைந்த தண்ணீரை ஊற்றினேன். சட்டியில் ஓட்டைகூட இல்லை, எனக்கு அது தோன்றவும் இல்லை. பன்னிரண்டாம் நாள் தண்டு கொழகொழவென்று சாய்ந்து, அந்த நாற்றம் வந்தது.

நீ கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி அழுது ஓய்ந்திருப்பேன். நீ கத்தவில்லை. அந்தச் சேற்றைக் கையாலேயே அலசிப் பார்த்தாய். எல்லாம் கூழ். பிறகு தண்ணீர்ப் பானைக்குப் பின்னால் என்றோ உதிர்ந்து கிடந்த ஒரே ஒரு இலையைக் கண்டெடுத்தாய். சுருங்கிப்போன இலை. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, “இது போதும். அழாத பச்ச, இதுக்கு ஒரு இலை போதும்” என்றாய். நான் நம்பவில்லை. என்னைத் தேற்றுவதற்குச் சொல்கிறாய் என்று நினைத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு புறப்பட்டாய். ராஜகிரி அடிவாரத்தில் அம்மி கொத்துகிறவர்களிடம் போய், உளி பட்டு உதிர்ந்த பொடிக்கல்லைக் கேட்டாய். “இத்த வச்சி இன்னாம்மா சமைக்கப் போற?” என்று அவர்கள் சிரித்தார்கள். ஆற்றில் இறங்கி, நைசு மணலைத் தள்ளிவிட்டுக் கொரகொரப்பான மணலாகப் பார்த்து அள்ளினாய். இஸ்திரி போடுகிறவரிடம் அணைந்த கரி. உடைந்த நாட்டு ஓடுகளை நான் நொறுக்கினேன். மில்லிலிருந்து மல்லாட்டை சலிக்கிற சல்லடையை முந்தானையில் மறைத்துக்கொண்டு வந்து, எல்லாவற்றையும் சலித்துத் தூசியைக் கொட்டினாய். மணல் இரண்டு பங்கு, கல்லும் ஓடும் சேர்ந்து ஒரு பங்கு, செம்மண் ஒரு பங்கு, ஒரு கை கரி, பழைய ஆட்டுப் புழுக்கை அரைக் கை. அவ்வளவுதான்.

“இதுல சத்தே இல்லியேக்கா, இது இன்னாத்தத் தின்னும்?” என்று சண்டை போட்டேன்.

“இது தின்ற செடி இல்ல பச்ச. வேருக்குக் காத்து வேணும், அவ்ளோதான்.” கலந்த மண்ணில் ஒரு பிடியை நனைத்து என் கையில் வைத்தாய். “இறுக்கிப் புடி. இப்பத் தொற. உதிருதா? உதிரணும். உருண்டையா நின்னா அது நெல்லுக்கு ஆவும், இதுக்கு ஆவாது.”

அந்த இலை மண்மேல் சும்மா கிடந்தது. நாற்பது நாள் கழித்து அதன் அடியில் நூல் போல வேர், பிறகு கடுகு அளவில் இரண்டு துளிர். நீ என்னைக் கூப்பிட்டுக் காட்டியபோது நான் வாய்விட்டுக் கத்திவிட்டேன், வீட்டுக்காரம்மா என்னமோ ஏதோ என்று ஓடிவந்தார். ஆனாலும் எனக்குப் புத்தி வந்ததா? ஒரு நாள் அரிசி களைந்த தண்ணீரோடு அதன் பக்கத்தில் நின்றவளைப் பிடித்துவிட்டாய். “பேரு மட்டும் பச்சையம்மா, கையி மட்டும் எமன் கையி” என்று சிரித்தாய். நாலு வருஷத்தில் அது ஒரு முழம் வந்தது. அவருக்கு எழுதுகிற ஒவ்வொரு கடிதத்திலும் செடியின் உயரத்தை எழுதுவாய்.

போன மார்கழியில் உனக்கு மஞ்சள்காமாலை வந்தது. கண்ணெல்லாம் மஞ்சள். பஸ்ஸில் என் மடியில் படுக்க வைத்துத் திண்டிவனம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். புத்தி தெளிவாக இருக்கும்போதே சொன்னாய்: “செடிக்குத் தண்ணி ஊத்தாத பச்ச. இலை சுருங்கினா மட்டும் ஊத்து. அவரு வந்தா அவரு கையில குடு.” அதற்குப் பிறகு நீ பேசினது எல்லாம் பர்மா பாஷை, எனக்கு ஒன்றும் புரியவில்லை.

அனந்தபுரத்துப் பங்காளி ஒருத்தர் வந்து கொள்ளி வைத்தார். அன்று சாயங்காலமே பஸ் ஏறிவிட்டார். மூன்றாம் நாள் பால் தெளிக்க யாரும் வரவில்லை. காரியமும் இல்லை, கருமாதியும் இல்லை. நான் யார் உனக்கு? உறவா, முறையா? பக்கத்து அறைக்காரி. தை அமாவாசை அன்று தெருவில் எல்லோரும் அவரவர் செத்தவர்களுக்குப் படைத்தார்கள். உனக்கு ஒரு வாய்த் தண்ணீர் விட ஆள் இல்லையே என்று என் வயிறு எரிந்தது. கால் படி பால் வாங்கினேன். எங்கே ஊற்றுவது? உன்னுடையது என்று இந்த உலகத்தில் இருந்தது அந்தத் தொட்டிதான். “குடிக்கா” என்று சொல்லி வேரில் ஊற்றினேன். மனசு ஆறியது. அதற்குப் பிறகு ஒவ்வொரு அமாவாசைக்கும் பால், பாலுக்குப் பின்னால் ஒரு செம்புத் தண்ணீர். பத்து அமாவாசை, ஒன்றைக்கூட விடவில்லை. நீ ஊற்றாதே என்று சொன்னது எனக்கு மறக்கவில்லை அக்கா. செடிக்கு ஊற்றாதே என்றுதானே சொன்னாய், நான் உனக்கு அல்லவா ஊற்றினேன்.

நீ அவ்வளவு பாடுபட்டுக் காற்றுப் போக வைத்த மண்ணில் பால் ஏடுஏடாகப் படிந்து அடைத்திருக்கிறது. வெயில் காலம் வரைக்கும் தாங்கிவிட்டது. ஐப்பசி மழை வந்ததும் அழுகிப் போயிற்று. தொட்டியைக் கவிழ்த்தபோது மண் அப்படியே உருண்டையாக வந்து விழுந்தது.

அரிவாள்மணையில் தண்டை அறுத்தேன். உள்ளே கறுப்பு. மேலே அறுத்தேன், அங்கேயும் கறுப்பு. ஒவ்வொரு கிளையாகக் கறுப்பு வந்துகொண்டே இருந்தது, நானும் பைத்தியம் பிடித்தவள் போல அறுத்துக்கொண்டே போனேன். உச்சியில் ஒரு சிறு கிளைதான் உள்ளே பச்சையாக இருந்தது. விரல் நீளம், ஏழு இலை. வெட்டுவாயில் சாம்பல் தொட்டு நிழலில் வைத்திருக்கிறேன். காயம் ஆறாமல் நட்டால் மறுபடியும் அழுகும் என்பாயே. வெள்ளிக்கிழமைக்குள் ஆறுமா?

மழையில் நனைந்துகொண்டே கல்லும் மணலும் பொறுக்கி வந்தேன். எல்லாம் சொட்டச் சொட்ட ஈரம். இரும்புச் சட்டியை அடுப்பில் வைத்து மணலை வறுத்தேன். வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்து, “இன்னாடி வறுக்கற, மண்ணையா? உனக்கு இன்னா ஆச்சு?” என்று தலையில் அடித்துக்கொண்டார். எனக்கு என்ன ஆயிற்று என்று எனக்கே தெரியவில்லை. பிடித்துப் பிடித்துப் பார்க்கிறேன், ஒரு பிடி உதிர்கிறது, அடுத்த பிடி உருண்டையாக நிற்கிறது. என்ன சொல்வேன் அவரிடம்? நீயே ஒரு வார்த்தை எடுத்துக் கொடு அக்கா. ஏதாவது சொல்லேன்.

இதற்கு மேல் அன்றைக்கு எழுத முடியவில்லை. இப்போது கார்த்திகை அமாவாசை முடிந்துவிட்டது. விட்ட இடத்திலிருந்து சொல்கிறேன்.

அவர் வந்தார். நீ காட்டின போட்டோவில் பார்த்ததைவிடப் பாதியாக இருந்தார். பஸ்ஸை விட்டு இறங்கி, அங்கே நின்ற பொம்பளைகள் முகத்தை எல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தார். நான் போய், “நான்தான் பச்சையம்மா” என்றேன். “ஓ, லெட்டர்ல எழுதுவாளே! அவளுக்கு உடம்பு சரியில்லையா, வரலையே?” என்றார். “வாங்க” என்றேன். வழியெல்லாம் அவர் தாயைப் பற்றி, கப்பலைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார், நான் சண்டாளி, உம் கொட்டிக்கொண்டே வந்தேன்.

உன் அறை பூட்டியிருந்ததைப் பார்த்ததும் அவர் பேச்சு நின்றது. நான் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். காமாலை, திண்டிவனம், கொள்ளி வைத்தவர், யாரும் வராத மூன்றாம் நாள், அமாவாசைப் பால், அழுகல், எல்லாம். “செடியையும் நான்தான் கொன்னுட்டேன், என்னை அடிங்க” என்று அந்தத் தொட்டியைக் காட்டினேன். அழுகின மண்ணை அதிலேயே போட்டு மூலையில் வைத்திருந்தேன்.

அவர் செடியைப் பற்றிக் கேட்கவே இல்லை. “எத்தனை அமாவாசை?” என்றார்.

“பத்து.”

“பத்தும் நீயா ஊத்துனே?”

“ஆமாங்க.”

“அந்தப் பத்து நாளும் நான் அங்க உக்காந்து சோறு தின்னிருக்கேன்மா” என்றார். சொல்லிவிட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்து, துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். ஒரு ஆம்பளை அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

பிறகு பால் கேட்டார். வாங்கி வந்து செம்போடு கொடுத்தேன். குளித்துவிட்டு ஈர வேட்டியோடு வந்து, அந்த அழுகின மண்ணில் கொஞ்சம் கொஞ்சமாக, உன் பேரைச் சொல்லிச் சொல்லி முழுச் செம்பையும் ஊற்றினார். நான் தடுக்கவில்லை. சுவரோரம் நின்று அழுதுகொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் மதராசுக்குக் கிளம்பினார். பர்மாவிலிருந்து வந்தவர்கள் சேர்ந்து கடை போடுகிறார்களாம். அந்த விரல் நீளக் கிளையை அவர் கையில் கொடுத்தேன், நீ சொன்னபடியே. வாங்கிப் பார்த்துவிட்டு என்னிடமே திருப்பினார். “எனக்கு மண்ணு கலக்கத் தெரியாதும்மா. அங்கயும் அவதான் கலப்பா. நான் வாசல்ல நின்னு வேடிக்கை பார்ப்பேன், அவ்வளவுதான். நீயே வச்சுக்க” என்றார்.

அவர் போன மறுநாள் அழுகின மண்ணைக் கொட்டிவிட்டு, கழுவின உன் தொட்டியிலேயே புது மண் போட்டு நட்டேன். மண் கையில் உதிர்ந்தது. இலை இன்னும் சுருங்கவில்லை, துளிரும் வரவில்லை. பிழைக்குமா என்று தெரியாது.

கார்த்திகை அமாவாசை அன்று காலையில் என் கால் தானாகப் பால்காரரிடம் போயிற்று. கால் படி வாங்கிக்கொண்டு நேரே உன் தொட்டிக்கு வந்துவிட்டேன். செம்பைச் சாய்க்கப் போன கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டேன். ஊற்றாமலும் இருக்க முடியவில்லை, ஊற்றவும் முடியவில்லை. எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ. கடைசியில் செடிக்கு முன்னால் உட்கார்ந்து, “குடிக்கா” என்று சொல்லிவிட்டு நானே குடித்தேன், ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல்.