மகோகனி என்று எழுதப்பட்ட என் வாவா மர வள்ளம்

அனுப்புநர்:
அராபா எசுமன்,
வள்ளத்துக்கு உரியவள், மீனைப் புகையில் வாட்டுபவள்,
அபாம் கடற்கரை.

பெறுநர்:
மாவட்ட வன அலுவலர் அவர்கள்,
என்சூவம்.

பொருள்: மகோகனி என்று தவறாக எழுதி நிறுத்திவைக்கப்பட்ட என் வள்ளத்தை விடுவிக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. முறையான அனுமதிச் சீட்டுடன், வெளிர் நிறமுள்ள ஒரு வாவா மரத்தை வெட்டி, யாவ் ஒபிரி என்ற தச்சர் எனக்கு வள்ளம் குடைந்து தந்தார். ஜூன் பதினொன்றாம் தேதி அது லாரியில் வந்தபோது தங்கள் சோதனைச் சாவடியில் நிறுத்தப்பட்டது. சீட்டில் இருப்பது வாவா, வண்டியில் இருப்பது மகோகனி என்று காவலர் அப்பையா எழுதிக்கொண்டார். இன்றோடு முப்பத்தெட்டு நாள் ஆகிறது.

2. அவர் பார்த்தது நிறத்தை மட்டுமே. சிராய் போகவும் பூச்சி அண்டாமலிருக்கவும் வள்ளத்தை உள்ளும் புறமும் தீயில் வாட்டுவது எங்கள் வழக்கம். யாவ் இம்முறை கொஞ்சம் அதிகமாகவே வாட்டிவிட்டார், அதை நான் மறைக்கவில்லை. விளிம்பில் கரியைச் சுரண்டி, வெளுத்த மரத்தைக் காவலருக்குக் காட்டினேன். "ஓரத்துல எந்த மரமும் வெள்ளையாத்தான் இருக்கும். எனக்கே பாடம் எடுக்கிறீங்களாம்மா?" என்றார். நகத்தால் அழுத்தித் தடம் பதிவதைக் காட்டினேன். மகோகனியில் அழுத்தினால் நகம்தான் உடையும். அவர் சிரித்தார். "அடியில துளை போட்டுப் பாருங்க சார்" என்று கெஞ்சினேன். "துளை போட்டா சாட்சியம் கெட்டுப்போயிடும்" என்றார்.

3. தலைநகரிலிருந்து மரம் அறிந்தவர் ஒருவர் வர வேண்டுமாம். எப்போது கேட்டாலும் அடுத்த வாரம் என்கிறார்கள்.

4. ஐயா, வாவா இலேசான மரம். அதனால்தான் மணலில் தள்ளி ஏற்ற எங்கள் ஆட்களால் முடிகிறது. கடல்நீரில் கிடந்தால் பல வருடம் உழைக்கும். வெயிலிலும் மழையிலும் மாறி மாறிக் கிடந்தால் சீக்கிரமே நீலக் கறை பாய்ந்து, புழு துளைத்து, வெடித்துவிடும். ஈரச் சாக்காவது போர்த்தட்டுமா என்று கேட்டேன். அரசாங்கப் பொருளைத் தொடக்கூடாது என்று விரட்டினார்கள்.

5. மீன் வரும் மாதம் தொடங்கிவிட்டது. என் ஆட்கள் பதினொரு பேரும் வேறு வள்ளத்துக்குப் போய்விட்டார்கள். என் தம்பி ஃபீஃபியும் போய்விட்டான். "அக்கா, மீன் நமக்காக நிக்குமா?" என்று கேட்டான். அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

6. கடந்த வியாழக்கிழமை காவலர் அப்பையா தாமே வள்ளத்தின் மூக்கில் கட்டைவிரலை வைத்தார். விரல் உள்ளே இறங்கியது. "மகோகனி இவ்வளவு சீக்கிரம் அழுகிப்போகாதும்மா" என்று மெதுவாகச் சொன்னார். ஆனால் எழுதியதை அடிக்க அவருக்கு அதிகாரம் இல்லையாம், தங்களுக்குத்தான் உண்டாம்.

ஆகவே, மகோகனி என்பதை அடித்து வாவா என்று எழுதி, கையொப்பமிட்டு, வள்ளத்தை விடுவிக்குமாறு தங்களைக் கைகூப்பிக் கேட்கிறேன். அந்த வள்ளம் இனிக் கடலுக்கு ஆகாது. விறகுக்கும் ஆகாது, வாவா நின்று எரியாது. ஆனாலும் அது என்னுடையது, ஐயா.

இடம்: அபாம்
நாள்: ஜூலை 19

இப்படிக்கு, வழி தெரியாமல் நிற்கும்
அராபா எசுமன்