முடக்கமா, நீக்கமா

மார்ச் 4
செயலி வழி வேலை செய்வோருக்கான சட்ட வரைவு எங்கள் தொழிலாளர் துறைக்கு வந்துவிட்டது. முப்பத்தொரு பக்கம். தமிழாக்கம் வழக்கம்போல் என் தலையில். ஓட்டுநர்களை ‘பார்ட்னர்’ என்று நாற்பது இடத்தில் எழுதியிருக்கிறார்கள். கூட்டாளி என்றால் திருட்டுக்கூட்டாளி மாதிரி இருக்கிறது. பங்காளி என்று போட்டேன். பங்காளி என்றால் பாகப்பிரிவினை கேட்பார்களே என்றார் மேடம். எங்கள் பிரிவின் தலைவி, சிரிக்காமல் கிண்டல் செய்பவர்.

மார்ச் 5
அக்கா போன் செய்தாள். அத்தான் டாக்ஸி ஓட்டும் செயலி நேற்று அவரை முடக்கிவிட்டது. மகளுக்குக் குத்துகிறது என்று இருபது வருட மீசையை எடுத்திருக்கிறார். காலையில் வண்டி எடுக்குமுன் செயலிக்கு முகம் காட்டினால், முகம் பொருந்தவில்லை என்று வந்ததாம். உதவி எண்ணில் பதிவுக்குரல்தான், ஆள் இல்லை. குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பார்கள். அத்தானுக்கு ஒட்டுவதற்கு மீசையே இல்லை.

சிரிப்பு வந்தது. அக்கா அழுதுகொண்டிருந்தாள்.

மார்ச் 11
பதினான்காம் பிரிவு. யாரையும் நேரில் விசாரிக்காமல், காரணம் எழுதித் தராமல் ‘டீஆக்டிவேட்’ செய்யக் கூடாது. அகராதிப்படி ‘கணக்கு முடக்கம்’. நான் ‘வேலைநீக்கம்’ என்று எழுதினேன்.

மேடம் பேனாவை அந்தச் சொல்லின் மேல் வைத்தார். “வீட்டுல யாருக்காவது ஆயிருக்கா?”

“அக்கா வீட்டுக்காரருக்கு.”

சொல்லை அடிக்கவில்லை. வரைவுக் குழுக் கூட்டத்தில் கேட்பார்கள், பதிலை யோசித்து வை என்றார். நான் செய்தது மொழிபெயர்ப்பா, சிபாரிசா? தெரியவில்லை.

மார்ச் 20
கூட்டம். கேட்டார்கள். நிறுவனங்களின் வக்கீல், இவர்கள் தொழிலாளர்களே அல்ல, பங்காளிகள், பங்காளியை எப்படி வேலைநீக்கம் செய்ய முடியும் என்றார். குழுத் தலைவர் கண்ணாடியைத் துடைத்தபடி, லாபத்தில் அவர்கள் பங்கு எவ்வளவு என்று கேட்டார். வக்கீல் தண்ணீர் குடித்தார்.

பங்காளி போய் எல்லா இடத்திலும் தொழிலாளர் வந்தது. மூலத்தையும் திருத்தச் சொன்னார்கள். வேலைநீக்கம் என்ற சொல் அப்படியே நிலைத்தது.

மார்ச் 21
அக்காவிடம் பதினான்காம் பிரிவைச் சொல்லிவிட்டேன். வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்க முடியுதா என்னால?

மே 2
அத்தானுக்கு மீசை வளர்ந்துவிட்டது. செயலி திறக்கவில்லை. கிடங்கு ஒன்றில் பெட்டி ஏற்றுகிறார். சட்டம் வரட்டும் என்கிறாராம்.

ஜூன் 3
சட்டம் நிறைவேறியது.

ஜூலை 8
இஸ்திரி போட்ட சட்டையில் அத்தான் அலுவலகத்துக்கே வந்துவிட்டார், மனுவோடு. கவுண்டரில் வாங்க மறுத்து, விளக்கிச் சொல்லும்படி என்னிடம் அனுப்பினார்கள்.

சட்டம் ஜூலை ஒன்று முதல் அமல். அன்றோ அதற்குப் பிறகோ நடந்த வேலைநீக்கத்துக்கு மட்டும் பொருந்தும். அத்தானை முடக்கியது மார்ச்சில். இரண்டாம் பிரிவு, ஒரே வரி. எல்லாச் சட்டத்திலும் வரும் வரி என்று இரண்டு நிமிடத்தில் தமிழாக்கிவிட்டு அடுத்ததற்குப் போயிருக்கிறேன். பதினான்காம் பிரிவுக்கு ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தவள்.

வெட்கமாக இருந்தது. வாயால் சொல்ல முடியாமல் பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். விரல் வைத்து இரண்டு தடவை படித்தார்.

“நல்லா எழுதியிருக்கம்மா. படிச்ச உடனே புரியுது.”

மனுவை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.