தமிழ் சீட்டுக்கு மலையாளம் பேசினவள்

என் அருமை அக்கா,

இந்த மழைக்கு எஸ்டேட் லயத்தில் உன் வீடு ஒழுகவில்லை. அத்தான் தகரத்தை மாற்றிவிட்டார். அதைவிடப் பெரிய சேதி ஒன்று இருக்கிறது. உன் மகள் செல்விக்கு ஆசிரியப் பயிற்சி இன்டர்வியூ வந்திருக்கிறது. நமக்கென்று ஒதுக்கிய அதே தமிழ் சீட்டுதான்.

கேட்டதும் அழுதேன், பிறகு சிரித்தேன். என் இன்டர்வியூவுக்கு நீ என்னை அழைத்துப் போன நாள் அப்படியல்லவா?

இடுக்கி தனி மாவட்டமான வருஷம். எஸ்டேட் பள்ளிக்குத் தமிழ் வாத்தியார் கிடைக்கவில்லை. அதனால்தான் தமிழ் பேசும் பிள்ளைகளுக்கென்று பயிற்சியில் சில இடம் ஒதுக்கினார்கள். கிடைத்தால் நான் டீச்சர். இல்லாவிட்டால் உன்னோடு தேயிலைக் கொழுந்து கிள்ள வேண்டியதுதான்.

நானோ பெரிய மேதாவி. ஆபீசர் மலையாளி, அவரிடம் மலையாளத்தில் பேசுவதுதான் மரியாதை என்று நினைத்து வெளுத்துக்கட்டினேன். அவர் என் காகிதங்களை ஓரமாக வைத்துவிட்டார். இது தமிழ்க்காரர்களுக்கான சீட், இவ்வளவு நல்ல மலையாளம் பேசும் உனக்கு எதற்கு என்றார். பதறிப்போய், நானும் தமிழ்க்காரிதான் என்றேன். அதையும் மலையாளத்திலேயே சொன்னேன்.

வராந்தாவில் நின்ற நீ யாரையும் கேட்காமல் உள்ளே வந்தாய்.

"ஏட்டி, வீட்டுல என்கிட்ட வாய் ஓயாம பேசுவியே, இங்க என்ன வந்துச்சு ஒனக்கு?"

"வெளிய நில்லுன்னு சொன்னேம்லா? நீ எதுக்குக்கா உள்ள வந்த? மானம் போகுது."

"மானம் போனா போகட்டும். சீட்டு போயிரக்கூடாதுல்லா."

பிறகு நாம் தமிழில் போட்ட சண்டையில் ஆபீசர் இருப்பதே மறந்துபோனது. அவர் சிரித்தபடி கையைக் காட்டி நம்மை நிறுத்திவிட்டு, என் காகிதங்களைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார்.

இன்று என் வகுப்பில் பிள்ளைகள் புரியாததைப் பயமில்லாமல் தமிழில் கேட்கிறார்கள். அதைக் கேட்கிறபோதெல்லாம் மனசுக்குள் உன்னைக் கும்பிடுகிறேன், அக்கா. நீ உயிரோடிருந்தபோது நான் நன்றி சொன்னால், "எதுக்குட்டி, சண்டை போட்டதுக்கா?" என்று சிரிப்பாய். ஆமாம், அதற்குத்தான்.

நேற்று செல்வியை எதிரே உட்காரவைத்து, நான் ஆபீசர் மாதிரி கேள்வி கேட்டுப் பார்த்தேன். முதல் பதிலே மலையாளத்தில் வந்தது. இவள் உன் மகளா, என் மகளா?

நீ நிம்மதியாக இரு. இன்டர்வியூவுக்கு நான் கூடப் போகிறேன். "சித்தி, நீங்க வெளியதான் நிக்கணும்" என்று இப்போதே சொல்லிவிட்டாள். சரியென்று தலையாட்டியிருக்கிறேன். அவள் தடுமாறினால் உள்ளே போய்விடுவேன்.

உன்னை வெளியே நிற்கச் சொன்ன தங்கை,
பாக்கியம்