மாசிலாமணியின் வாபஸ் கடிதம்

12-2-53, வியாழன்
காலையில் பனி. ஆலைப் புகையும் கலந்து எதிர்வீடே தெரியவில்லை. திருவொற்றியூரே கரைந்துவிட்ட மாதிரி.

ஞாயிறு சங்கத் தலைவர் தேர்தல். விதி பிசகாதவன் என்று என்னைத் தேர்தல் அதிகாரியாகப் போட்டிருக்கிறார்கள். படகுச் சின்ன வேட்பாளர் மாசிலாமணிக்கு உடம்பு சரியில்லையாம். அவருக்குப் பதில் ஜோசப்பை நிறுத்தக் கேட்டு அணிக்காரர்கள் வந்தார்கள். வாபஸ் கடிதத்தின் கீழே கைநாட்டு.

மாசிலாமணியா கைநாட்டு? கூலிப் பட்டியலில் கையெழுத்துதான் போடுவோம் என்று ஆலையில் பாதிப் பேரைச் சிலேட்டு பிடிக்க வைத்தவர். திருட்டுக் கைநாட்டு என்று எல்லோர் எதிரிலும் சொல்லிவிட்டேன்.

விதி:
வேட்பாளரே விலகினால்தான் மாற்று ஆள்.
கடைசி நேரம் சனி மாலை 5.
கடிதம் பலகையில் ஒட்டப்பட வேண்டும்.
படகு ஆளுக்கா, அணிக்கா? அதற்கு விதியே இல்லை.

சற்றுக் கண்ணயர்ந்தபோது கனவில் ஆளில்லாத படகு ஒன்று.

13, வெள்ளி
கடிதத்தோடு காத்திவாக்கம், மாசிலாமணி வீட்டுக்கு. ரயில், பிறகு மணலில் நடை.

மாசிலாமணி கட்டிலில். வலக்கை விழுந்துவிட்டது.

"கைநாட்டு நீதான் வெச்சியா?"

"நாந்தான் பா. கை வரல."

எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"ஜோசப்பு நிக்கட்டும். ஆனா இத்த பலகையில ஒட்டாதே. என் கைநாட்டு அல்லார் கண்ணுலயும் படும்."

ஒட்டியே ஆக வேண்டும் என்றேன். கடிதத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டார்.

"நாளிக்கு வேற அனுப்பறேன்."

வெளியே கழிமுகம். தண்ணீர் எது, வானம் எது என்று புரியாமல் கொஞ்ச நேரம் நின்றேன். உள்ளே மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "அந்த சிலேட்ட எடு."

14, சனி
மண்ணெண்ணெய், பசை வாங்க வேண்டும்.

மதியத்திலிருந்து சங்க அறையில். எதிர் அணிக்காரர் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்திருந்தார். ஐந்துக்கு ஆலைச் சங்கு ஊதியது. யாரும் வரவில்லை.

"படகு முழுகிச்சு," என்று சொல்லி டீ குடிக்கப் போனார்.

நான் எழுந்திருக்கவில்லை. ஏதோ சோம்பல் என்று வைத்துக்கொள்ளலாம். வெயில் இறங்கிய பிறகு மாசிலாமணியின் மனைவி வந்தார். ரயிலைத் தவறவிட்டு மணலிலேயே நடை. புடவை ஓரமெல்லாம் ஈரம்.

"காலீலேர்ந்து எழுதிக்கினு கீறாரு. எத்தினி காயிதம் கிழிச்சாரோ."

இடக்கை எழுத்து. 'மா' ஒரு மூலையில். 'ணி' காகித விளிம்பில் தொங்கிக்கொண்டு. எனக்கு அழுகை வந்தது.

பலகையில் ஒட்டினேன். பெறப்பட்ட நேரம்: 4.55 என்று எழுதி, கீழே என் கையெழுத்தைப் போட்டேன்.