நீ கேட்காமல் போன பாதி

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

நலமா என்று கேட்கும் மனநிலையில் நான் இல்லை. நலமாகத்தான் இருப்பாய், பேப்பரில் படம் பார்த்தேன். போனில் கூப்பிட்டால் பக்கத்து வீடுவரை கேட்கிற மாதிரி கத்திவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

கவுன்சிலர் தம்பி வந்தால் பிள்ளைகளுக்கு நகரசபை என்றால் என்னவென்று புரியும் என்றுதான் எங்கள் பள்ளி விவாத மன்றப் போட்டிக்கு உன்னைக் கூப்பிட்டேன். 'ஆள் குறைந்த பஸ்களை எடுத்துவிடலாமா?' என்பது தலைப்பு. எடுத்துவிடலாம் என்ற பக்கத்தை, வாயாடி என்று நாங்கள் கூப்பிடுகிற என் மாணவிக்குக் கொடுத்தது நான். அவள் பேசினாள், ஜெயித்தாள். நீ கோப்பையைக் கொடுத்தாய், டீ குடித்தாய், காரில் ஏறிப் போய்விட்டாய். டீக்குப் பிறகுதான் எங்கள் மன்றத்தின் வழக்கமே இருக்கிறது. பக்கம் மாறி, தான் பேசியதைத் தானே உடைக்க வேண்டும். உடைத்தாள் பார், ஒன்றைக்கூட மிச்சம் வைக்கவில்லை.

நீ கேட்ட முதல் பாதியை மட்டும் நகரசபையில் வரிக்கு வரி படித்து, "நம்ம பிள்ளைங்களே சொல்றாங்க" என்று எட்டாம் நம்பர் பஸ்ஸை எடுக்கத் தீர்மானம் கொண்டுவந்திருக்கிறாய். அது அவள் வருகிற பஸ்டா! உன் வார்டுப் பிள்ளைகள் அத்தனை பேரும் வருகிற பஸ். "நான் தோத்திருந்தா பஸ் இருந்திருக்கும்ல டீச்சர்?" என்று கேட்கிறாள்.

கோபத்துடன்,
அக்கா

மார்ச் 8

அன்புள்ள அக்காவுக்கு,

"உங்க அக்கா திட்டுறதுகூட பாயிண்ட் பாயிண்டா இருக்கு" என்கிறாள் என் மனைவி.

அன்று ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டியிருந்தது. டீக்குப் பிறகு என்ன நடக்கும் என்று யார் சொன்னார்கள்? அவள் பேசியதில் பொய்யும் இல்லையே. மத்தியானத்தில் அந்த பஸ்ஸில் டிரைவரும் கண்டக்டரும்தான் பேசிக்கொண்டு போகிறார்கள். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக நகரசபைத் தலைவர் என்னைத் திரும்பிப் பார்த்திருக்கிறார். சாலைக் குழுப் பொறுப்பு எனக்கு என்று பேச்சு அடிபடுகிறது. அதைக் கெடுத்துவிடாதே.

பிள்ளைகளுக்குக் குறையிருந்தால் கூட்டத்துக்கு வரட்டும். பார்வையாளர் நாற்காலிகளில் தூசிதான் உட்கார்ந்திருக்கிறது. கோபத்தில் சாப்பிடாமல் இருக்காதே.

உன் தம்பி

மார்ச் 17

தம்பிக்கு,

வரட்டும் என்று நீ பேச்சுக்குச் சொன்னாய். அவர்கள் நிஜமாகவே கிளம்பிவிட்டார்கள். பதினெட்டு வயது ஆகாதவர்கள் பேசக் கூடாது என்று உங்கள் ஆபீஸில் விரட்டியிருக்கிறார்கள். இவர்கள் விதிப்புத்தகத்தைக் கேட்டு வாங்கி, மேஜையைச் சுற்றி உட்கார்ந்து படித்திருக்கிறார்கள். உறுப்பினர் ஒருவர் தான் பேச வேண்டிய முறையை விட்டுக்கொடுத்தால் பேசலாமாம்.

உன் முறையைக் கொடு. பாதியைச் சொன்னவன் நீ, மீதிக்கும் வழிவிடு. இதற்குமேல் கெஞ்ச எனக்குத் தெம்பில்லை.

அக்கா

மார்ச் 26

அன்புள்ள அக்காவுக்கு,

கொடுத்தேன். நீ பார்வையாளர் மாடியில் உட்கார்ந்து பார்த்தாய். நான் படித்த ஒவ்வொரு வரியையும் எடுத்து, என் முகத்தைப் பார்த்தே உடைத்தாள். மத்தியான ஆளை எண்ணினீர்களே, காலை ஏழரைக்கு எண்ணினீர்களா என்று கேட்டபோது தலைவர் காகிதங்களைப் புரட்ட ஆரம்பித்தார். எனக்குச் சிலிர்த்துவிட்டது.

அப்புறம் ஓட்டெடுப்பு. பஸ்ஸை எடுக்கத்தான் நானும் கை தூக்கினேன். கட்சி முடிவு அக்கா, மீறினால் வீட்டில்தான் உட்கார வேண்டும். கையை இறக்கும்போது மேலே பார்த்தேன், நீ எழுந்து போய்விட்டிருந்தாய். பிள்ளைகள் போகவில்லை.

முறையை விட்டுக்கொடுத்தேன் இல்லையா, அது உனக்குக் கணக்கில் வராதா? ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வா. உனக்காகத்தான் சமைக்கிறோம்.

உன் தம்பி

ஏப்ரல் 9

தம்பிக்கு,

ஞாயிற்றுக்கிழமை வர மனசு வரவில்லை. உன் மனைவி மேல் ஒன்றும் இல்லை, சொல்லிவிடு.

பிள்ளைகள் இப்போது நடந்துதான் வருகிறார்கள். முதல் பீரியட் பாதி முடிந்துவிடுகிறது. போன திங்கட்கிழமை வாயாடி வேர்க்க விறுவிறுக்க வந்து, "டீச்சர், அடுத்த தலைப்ப நாங்களே வைக்கலாமா?" என்றாள். ஓட்டெடுப்புக்குப் பிறகு அவள் மறுபடி வாயைத் திறந்ததே போதும் என்று சரி சொல்லிவிட்டேன். தலைப்பு: 'நம் வார்டு கவுன்சிலரை மாற்ற வேண்டுமா?' வருகிற சனிக்கிழமை, பழைய பஸ் ஸ்டாப்பிலேயே. ஓட்டு இருக்கிற அப்பா அம்மாக்களை எல்லாம் கூட்டி வருகிறார்கள்.

மாற்ற வேண்டும் என்று பேச அடிதடி. வேண்டாம் என்ற பக்கத்தை நாலு பேரிடம் கொடுத்துப் பார்த்தேன், நாலு பேரும் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். எதிர்ப்பக்கம் இல்லாமல் என் மன்றத்தில் விவாதம் நடக்காது. அதனால் உன் பக்கம் நான் பேசுகிறேன்.

நேற்றிலிருந்து பேனாவும் கையுமாக உட்கார்ந்திருக்கிறேன். நீ நல்லவன் என்று எனக்குத் தெரியும், தூக்கி வளர்த்தவள் நான். ஆனால் அப்படிச் சொன்னால் பிள்ளைகள் ஆதாரம் கேட்பார்கள். ஏதாவது இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதி அனுப்பு.

அக்கா