குளிர்த்திப் பானை

2023 மே 14, ஞாயிறு

இன்றும் அவனைக் கொன்று பார்த்தேன். வாவியில் அமுக்கி. முந்தாநாள் நஞ்சு கொடுத்து. எதுவும் போதவில்லை. நாவலில் கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி. தன் அண்ணனைக் காட்டிக்கொடுத்தவனைத் தங்கை பழிவாங்க வேண்டும். தங்கை நான்தான், வேறு யார்? தொண்ணூறாம் ஆண்டு ராணுவச் சுற்றிவளைப்பில், முகத்துக்குச் சாக்குப் போட்ட தலையாட்டி ஒருவன், இவன்தான் என்று தலையை ஆட்டினான். ஜெயரூபன் அண்ணனைக் கொண்டுபோனார்கள். திரும்பவில்லை.

மே 17, புதன்

நாவலைத் தொடராகப் போடும் சஞ்சிகையில் முந்தைய அத்தியாயம் வந்துவிட்டது. அச்சில் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

மே 21, ஞாயிறு

மடைச்சி நான்! தலையாட்டிக்கு வேறு பெயர், வேறு தொழில், வேறு முகம், எல்லாம் கொடுத்தேன். கோவில் காட்சி அழகாக வரட்டும் என்று அவன் தலையில் குளிர்த்திப் பானையையும் வைத்துவிட்டேன். ஊரை எரித்த அம்மனின் கோபம் தணியச் சனத்தின் மேல் தெளிக்கும் வேப்பிலைத் தண்ணீரைச் சுமக்கும் உரிமை எங்கள் ஊரில் ஒரே குடிக்குத்தான். தாய்வழியாக வருவது. இப்போது சுமப்பவர் எதிர்வீட்டு வளவில் இருக்கும் அழகரத்தினம். ஊரே வாசித்துவிட்டது.

அவர்தான் தலையாட்டி என்று ஊர் எப்போதோ குசுகுசுத்ததுதான். அதனால்தான் பானை தானாக வந்து விழுந்ததா?

மே 25, வியாழன்

கோவில் பொறுப்பில் இருக்கும் வண்ணக்கர் கோணாமலை வந்தார்.

"தலையாட்டி தூக்கிற தண்ணி எங்களுக்கு வேணாம் எண்டு சனம் நிக்குது, புள்ள. நீ ஒரு சொல்லுச் சொன்னாக் காணும். அவன்தானே?"

ஞாயிறு வரை தவணை கேட்டேன். அவர் போன பிறகு எதிர்வளவில் அழகரத்தினம் கத்தினார். "என்ட தாய்வழி உரிமை! செத்தாலும் பானைய விடமாட்டன்!" கத்தட்டும். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

மே 26, வெள்ளி

ஓம், அவர்தான் என்று சொல்ல எனக்கு என்ன தடை? இத்தனை வருடம் கேட்ட நீதி இதுதானே. ஆனால் நான் கண்டது என்ன? ஒரு சாக்கு. அதில் இரண்டு ஓட்டை. நாவலில் காற்றுக்குச் சாக்கு விலகுகிறது, தங்கை முகத்தைக் காண்கிறாள். நான் காணல்ல. காணவே இல்ல! கதைக்காகக் காற்றை அடிக்க வைத்தேன்.

ஓம் என்றால் நானும் ஒரு தலையாட்டி. இல்லை என்றால் அண்ணனை இரண்டாம் முறை காட்டிக்கொடுத்தவள். எந்தப் பக்கம் போக?

மே 28, ஞாயிறு

"நான் முகம் காணல்ல" என்று வண்ணக்கரிடம் சொன்னேன். அழகரத்தினமும் அங்கே நின்றார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. பானை அவருக்கே என்று முடிவாயிற்று. வீட்டுக்கு வந்து அண்ணனின் படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன்.

மே 31, புதன்

ஒரு வரியும் எழுதவில்லை.

ஜூன் 5, திங்கள்

விடியற்காலை குளிர்த்தி. பானை நிறைந்து காத்திருந்தது. வண்ணக்கர் அழகரத்தினத்தைக் கூப்பிட்டார். அவர் வந்து பானையைத் தொட்டார், தூக்கவில்லை. தன் அக்காவின் மகனை அழைத்து அவன் தலையில் ஏற்றிவிட்டார்.

"என்னால ஏலாது" என்றார். அவ்வளவுதான். சனத்துக்குப் பின்னால் போய், தண்ணீர் எட்டாத இடத்தில் நின்றுகொண்டார். என் மேல் தண்ணீர் விழுந்தது. எனக்கு அழுகைதான் வந்தது.

செத்தாலும் விடமாட்டேன் என்றவர் தானாகவே விட்டார். அப்ப... அவர்தான்.

தெரியாதபோது எத்தனை விதமாகக் கொன்றேன்! தெரிந்த பிறகு கை வரவில்லை. மன்னிக்கவும் இல்லை. அண்ணனின் படத்தை மறுபடி திருப்பி வைத்தேன். நாவலை முடித்துவிட்டேன். அதில் அவன் சாகவில்லை, எதிர்வளவில் இருக்கிறான். நாளைக் காலையில் அவரும் நானும் எதிரெதிரே வாசல் படலையைத் திறக்க வேண்டும்.