பாலத்தில் எடுத்த படம்

அன்பு மகளுக்கு,

உன்மேல் எனக்குக் கோபம் என்று உன் அண்ணன் சொல்லித் திரிகிறானாம். கோபமில்லை, சந்தேகம்.

வெளிநாட்டில் படிக்கப் போன நீ, கிடைத்த முதல் விடுமுறைக்குப் பக்கத்து நாட்டு நகரம் ஒன்றைத் தனியாகச் சுற்றிப் பார்த்ததாகவும், பாலத்தில் நிற்கும் படத்தை வழிப்போக்கர் ஒருவர் எடுத்ததாகவும் சொன்னாய்.

“யாரோ எடுத்துக் குடுத்திருக்காங்க. துப்பறிய ஆரம்பிச்சிடாதீங்கம்மா” என்கிறான் உன் அண்ணன்.

முன்பின் தெரியாதவர் கையில் போனைக் கொடுத்தவள் கண்ணை மூடிக்கொண்டா சிரிப்பாள்? போன்மேல் அல்லவா கண் இருக்கும்!

உன் அப்பா எடுத்த படங்களில் மட்டும்தான் நான் அப்படிச் சிரித்திருக்கிறேன்.

பெயரைக் கேட்கவில்லை. அவர் நல்லவர்தானா என்பதை மட்டும், போனில் மழுப்பாமல், கடிதமாக எழுதி அனுப்பு.

அம்மா